மூன்று முட்டையும் முப்பது முதுகும்

கூழாங்கற்களுக்கு நடுவே உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. காலையில் அதில் மூன்று முட்டைகள் இருந்தன. இப்போது குழி மட்டும் இருந்தது.

ரொவீனா மாலெட் மண்டியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளேக்தார்ப் பறவைக் காப்பகத்தின் காவலர் அவள். கடலோரத்துக் காவலர் வீட்டில் தனியாக இருக்கிறாள். வேலை போனால் வீடும் போகும். சற்றுத் தள்ளி மணல் நிறத்தில் ஒரு சின்னப் பறவை நாலடி ஓடுவதும் நிற்பதுமாகத் தவித்தது. உப்புக்கொத்தி. இந்த வகை இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் கூடு வைத்து எத்தனையோ காலமாகிவிட்டது. இந்த வசந்தத்தில் ஒரே ஒரு ஜோடி வந்து, ஒரே ஒரு கூடு வைத்தது. அதையும் யாரோ வழித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"நரியா இருக்குமோ?" என்று இழுத்தான் கெட்ஜ்.

"நரி தின்னா ஓடு கிடக்கும். இங்க ஒரு கல்லுகூட நகரல. இது மனுஷக் கை, மிஸ்டர் கெட்ஜ்."

கூட்டுக்கு ஆபத்து வரும் என்று பயந்து ரொவீனா சொந்தக் காசில் துப்பறியும் ஹெஸ்டர் லார்வுட்டை அமர்த்தியிருந்தாள். ஹெஸ்டர் தன் உதவியாளன் கெட்ஜுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். கூட்டுக்குப் போகும் பாதையில் நிற்க வேண்டும். ஒரு கம்பத்தை நட்டிருந்தால் அதுகூட ஒழுங்காகச் செய்திருக்கும்.

எல்லாம் அந்தப் பஞ்சுருட்டானால் வந்த வினை. தெற்கே வெயில் நாடுகளில் கம்பிக்குக் கம்பி உட்கார்ந்திருக்கிற பறவைதான். ஆனால் தென்கிழக்குக் காற்றில் வழிதவறி, மே மாதக் குளிரில், காப்பக வாசல் பக்கத்து மின்கம்பியில் வந்து உட்கார்ந்தால் கதையே வேறு. "பஞ்சுருட்டான்!" என்று ஒருவர் கத்தினார். பறவை பார்க்கும் குடிலுக்குள் இருந்தவர், கழிப்பறைக்குள் இருந்தவர், கரைமேட்டில் சாண்ட்விச் கடித்துக்கொண்டிருந்தவர் என்று அத்தனை பேரும் தொலைநோக்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரொவீனாவும் ஓடினாள். கெட்ஜ் பறவைக்காக ஓடவில்லை. ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்காகப் பின்னாலேயே போனான்.

"நானும்தான் போனேன்," என்றாள் ரொவீனா அவன் முகத்தைப் படித்தவள் போல. "அஞ்சு நிமிஷம்னு போனேன். ஒரு மணி நேரம், அது பறந்து போற வரைக்கும் நின்னுட்டேன். பதினொரு வருஷத்துல ஒரு நாள் கூட்டை விட்டுட்டு நகர்ந்ததில்ல."

"முட்டை இன்னும் உயிரோட இருக்குமா?" பின்னாலிருந்து குரல் வந்தது. ஹெஸ்டர் லார்வுட், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மழைக்கோட்டு, கையில் பாதி தின்ற பன்.

"நேத்துதான் அந்தத் தாய் மூணாவது முட்டை வெச்சா. அடைகாக்க இப்பதான் ஆரம்பிச்சிருக்கா. கொஞ்ச நேரம் ஆறினாலும் தாங்கும். மத்தியானத்துக்குள்ள திருப்பி வெச்சா வந்து உட்காருவா. இல்லேன்னா மனசு விட்டுப் போய் இந்தக் கரையை விட்டே கிளம்பிடுவா."

"வெளிய யாராவது போனாங்களா?"

"வாசல்ல டீ வண்டி போட்டிருக்கற டாட்டுக்கு உடனே போன் பண்ணி கேட்டைப் பூட்டச் சொல்லிட்டேன். ஒரு கார்கூடப் போகல. போலீஸ் டவுன்ல இருந்து வரணும். வர்றப்ப வருவாங்க."

"அப்ப முட்டை உள்ளதான் இருக்கு," என்றாள் ஹெஸ்டர். "கூடு எங்க இருக்குன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. குழுத் தலைவர் பார்ஜெட்டருக்கு, விதிப்படி சொல்லணும்னு சொன்னேன். அப்புறம் லயனல் ஃபிஸ்குக்கு. அவர்தான் கூட இருந்து கூட்டைச் சுத்தி யாரும் வராம கயிறு கட்டிக் குடுத்தார். இந்த வசந்தம் பூரா அவர் இல்லேன்னா நான் இல்ல."

வாசலுக்கு நடக்க இருபது நிமிடம் பிடித்தது. ஹெஸ்டர் வழியெல்லாம் பன்னைக் கொறித்துக்கொண்டே நடந்தாள். அவள் திட்டியிருந்தால்கூட கெட்ஜுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பாஸ், ஒரு வார்த்தை திட்டிடுங்களேன்."

"எதுக்கு? அந்த நேரத்துல நான் டாட் வண்டியில பன்னு தின்னுட்டிருந்தேன். என்னைத் திட்ட ஆள் கிடைச்சா அவர்கிட்டயே உன்னையும் சேர்த்துவிடறேன்."

வாசலில் டாட்டின் தேநீர் வண்டியைச் சுற்றி முப்பது பேர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் பச்சைக் கோட்டு, எல்லோருக்கும் கழுத்தில் பைனாகுலர். ஒவ்வொருவரும் அடுத்தவர் பையை ஓரக்கண்ணால் எடை போட்டார்கள். நேற்று வரை ஒருவருக்கொருவர் பிஸ்கட் பகிர்ந்து தின்ற கூட்டம் அது.

கெட்ஜின் கண் ஒரு கிழிந்த கோட்டின் மேல் விழுந்தது. அவன் ஹெஸ்டரின் காதருகே குனிந்தான்.

"ஆளு கிடைச்சாச்சு பாஸ். அந்தக் கிழிஞ்ச கோட்டு, பேரு கேட்ச்போல். முட்டைத் திருட்டுக்கு உள்ள போயிட்டு வந்தவரு. கூட்டை யாரும் சொல்லித் தெரியணும்னு இல்ல, மோப்பம் பிடிச்சே கண்டுபிடிப்பாரு."

கேட்ச்போல் தலை தூக்கிப் பார்த்தார். காது கூர்மையான மனிதர். "உள்ள போனேன் தம்பி, இல்லேங்கல. வெளிய வந்ததுக்கப்புறம் ஒரு முட்டையைத் தொடல. கடையில வாங்கற கோழிமுட்டையைக்கூட என் தங்கச்சிதான் உடைச்சு ஊத்தறா. இப்ப நான் பறவையைப் பார்க்கறேன், அவ்வளவுதான். பார்க்கறதுக்குக்கூட உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

"பஞ்சுருட்டான் வந்தப்ப எங்க இருந்தீங்க?"

"அதுக்கு எதிர்லதான். வேற எங்க இருப்பாங்க மனுஷன்?"

"அதையும் பார்த்துடுவோம்," என்று கெட்ஜ் போனை உருவினான். தங்கைக்கு அனுப்பிச் சிரிக்க வைப்பதற்காகக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அவன் எடுத்த படம் அதில் இருந்தது. ஒன்றை ஒன்று மறைக்கும் முப்பது முதுகுகள், முப்பது பின்பக்கங்கள், முப்பது தொலைநோக்கிகள். கூத்தின் நடுப்பகுதியில் எடுத்தது. அந்த நேரத்தில் இங்கே நின்றவன் கூட்டுக்குப் போய்த் திரும்பியிருக்க முடியாது.

கேட்ச்போல் எட்டிப் பார்த்து விரலை வைத்தார். "இதோ நடுவுல. என் பின்பக்கம்தான். எங்க பார்த்தாலும் சொல்லிடுவேன்."

"உங்க பின்பக்கத்தை நீங்க எப்படிங்க பார்த்தீங்க?"

"கோட்டுக் கிழிசல் தெரியலையா? நானே தெச்சது, அதான் அந்த லட்சணம்."

கிழிசல் இருந்தது. சிவப்பு நூலில் போட்ட கோணல் தையல் இருந்தது. கெட்ஜுக்கு முகம் தொங்கிப்போனது. குற்றவாளி என்று கையைக் காட்டிய ஒரே ஆளை அவன் படமே காப்பாற்றிவிட்டது.

"இங்க குடு அதை." ஒரு பெரிய கை போனைப் பிடுங்கியது. டெஸ்மண்ட் பார்ஜெட்டர், காப்பகக் குழுத் தலைவர். ஆள் ஆறடி உயரம், கதவு மாதிரி முதுகு. அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இது நான். எனக்கு இடது பக்கம் ஃபிஸ்க். பச்சைக் கம்பளி உறை போட்ட டெலஸ்கோப், இந்தக் கரையிலேயே அவர்கிட்ட மட்டும்தான் இருக்கு. ஆக, கூடு தெரிஞ்ச மூணு பேர்ல ரெண்டு பேர் இதுல இருக்கோம்." அவர் திரும்பினார். "நீ எங்கம்மா இருக்க, ரொவீனா?"

ரொவீனா படத்தை எட்டிப் பார்த்தாள். "முன்வரிசையில நின்னேன். நான் குட்டை, அதான் தெரியல."

"யாராவது இவளைப் பார்த்தீங்களா?"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

"எனக்குச் சந்தோஷமா இல்ல இதைச் சொல்றதுக்கு," என்றார் பார்ஜெட்டர். குரலில் உண்மையிலேயே சந்தோஷம் இல்லை. "நீயே எடுத்தியோ, எடுக்க விட்டியோ, எனக்குத் தெரியாது. கூட்டை விட்டுட்டு வந்தது நிஜம். குழுவுல பேசிட்டோம். வீட்டைக் காலி பண்ணிடு."

படம் எடுத்த விரலை வெட்டிக் கடலில் வீசலாம் போலிருந்தது கெட்ஜுக்கு. காசு கொடுத்து அமர்த்தியவளை அவனே மாட்டிவிட்டிருக்கிறான்.

ரொவீனா மரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கூட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் அவளிடம் வந்தார். நரைத்த தாடி, சாந்தமான கண்கள், அக்குளில் ஒரு பெரிய பிளாஸ்க். லயனல் ஃபிஸ்க்.

"இரும்மா, சூடா ஒரு டீ குடி. எல்லாம் சரியாயிடும்," என்றவர் டாட் வண்டி முன் வரிசையில் போய் நின்றார். அவருக்கு முன்னால் ஆறேழு பேர் இருந்தார்கள். பொறுமையாக நின்று, வாங்கி, சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து ரொவீனா கையில் கொடுத்தார். அவள் தோளைத் தட்டினார்.

"நல்ல மனுஷன்," என்றான் கெட்ஜ்.

ஹெஸ்டர் பன்னை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். பன்னைப் பாதியில் நிறுத்தி அவளை அவன் பார்த்ததே இல்லை.

"படத்தைக் காட்டு," என்றாள். வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். பிறகு பார்ஜெட்டரிடம் போனாள்.

"பஞ்சுருட்டான் எப்படி இருந்ததுன்னு சொல்லுங்களேன்."

பார்ஜெட்டர் முகம் மலர்ந்தது. "வளர்ந்த ஆண். தொண்டை மஞ்சள், கீழே கறுப்புக் கோடு. வால் நடு இறகுல ஒண்ணு நுனி உடைஞ்சிருந்தது. முதல்ல கம்பியில உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்துலயே இடது பக்கம் அந்தப் பட்டுப்போன முள்மரத்துக்குத் தாவி, கடைசி வரைக்கும் அங்கதான். ரெண்டு தேனீ, ஒரு குளவி பிடிச்சது."

"அபாரம். ஃபிஸ்க் என்ன தொப்பி போட்டிருந்தார்?"

"தொப்பியா?"

"உங்க இடது பக்கம் நின்னவர்தானே? தொப்பி இருந்ததா இல்லையா? ஏதாவது பேசினாரா? தும்மினாரா?"

பார்ஜெட்டர் போனைச் சுட்டிக் காட்டினார். "டெலஸ்கோப் இருந்தது. அப்படீன்னா ஆளும் இருந்திருப்பார்தானே."

"ஒருத்தர் டெலஸ்கோப்பை நட்டுவெச்சிட்டு நகர்ந்தா அந்த இடத்தை யாராவது எடுப்பாங்களா?"

"சேச்சே! அடுத்தவன் பல்செட்டைத் தொட்டாலும் தொடுவோம், டெலஸ்கோப்பைத் தொட மாட்டோம்."

ஹெஸ்டர் நேராக ஃபிஸ்க் முன்னால் போய் நின்றாள். கூட்டமும் மெல்ல நகர்ந்து வந்தது.

"மிஸ்டர் ஃபிஸ்க், உங்க பிளாஸ்குல இருந்து எனக்கு ஒரு வாய் டீ கிடைக்குமா? டாட் போடறது கழுநீர் மாதிரி இருக்கு."

"காதுல விழுது!" என்று வண்டிக்குள்ளிருந்து டாட் கத்தினாள்.

ஃபிஸ்க் புன்னகைத்தார். "ஆறிப்போச்சும்மா."

"எனக்கு ஆறினதுதான் பிடிக்கும்."

"தீர்ந்துபோச்சு."

"ஆறிப்போச்சா, தீர்ந்துபோச்சா?"

ஃபிஸ்க் பிளாஸ்க்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். கெட்ஜுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"இடிஞ்சுபோய் உட்கார்ந்திருக்கற பொண்ணுக்கு டீ குடுக்கணும்," என்றாள் ஹெஸ்டர் கூட்டத்தைப் பார்த்து. "அக்குள்ல பிளாஸ்க் இருக்கு. மூடியைத் திருகினா ஆச்சு. அதை விட்டுட்டு நீங்க போய் வரிசையில நிக்கறீங்க. டாட், மிஸ்டர் ஃபிஸ்க் உன்கிட்ட எப்பவாவது டீ வாங்கினதுண்டா?"

"அவரா? என் வண்டிக்கு எதிர்லயே உட்கார்ந்து சொந்த டீயைக் குடிக்கற ஆளு!"

"இதென்ன அபாண்டம்!" என்று ஃபிஸ்க் குரல் உயர்த்தினார். "நான் இங்கதான் இருந்தேன். படத்துல இருக்கேன். தலைவரே சொன்னாரே!"

"உங்க டெலஸ்கோப் இருக்கு, ஆள் தலைவர் முதுகுக்கு மறைவுல இருக்கார்னு எல்லாரும் நினைச்சோம்," என்று ஹெஸ்டர் போனை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள். "பஞ்சுருட்டான் முள்மரத்துக்குத் தாவிடுச்சு. இதுல இருக்கற ஒவ்வொரு டெலஸ்கோப்பும் இடது பக்கம் திரும்பியிருக்கு பாருங்க. கிழிஞ்ச கோட்டுக்காரர்து கூட. பச்சை உறை போட்டது ஒண்ணு மட்டும் இன்னும் வெறுங்கம்பியையே பார்த்துட்டிருக்கு. பறவை இடம் மாறினா திருப்பாத ஆள் உங்க கூட்டத்துல யாராவது உண்டா?"

பார்ஜெட்டர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தோளுக்குப் பக்கத்தில் இல்லாத மனிதனுக்குச் சாட்சி சொன்னவரின் முகம் சிவந்துகொண்டே போனது.

ரொவீனா எழுந்தாள். தேநீர்க் கோப்பையைப் பெஞ்சில் வைத்தாள். "அந்த உறையைப் பின்னிக் குடுத்ததே நான்தான்," என்றாள் யாரிடமோ சொல்வது போல. பிறகு ஃபிஸ்க் முன்னால் வந்து கையை நீட்டினாள். "குடு."

இதுவரை அவரை அவள் ஒருமையில் அழைத்ததில்லை. ஃபிஸ்க்கின் தாடி ஆடியது.

"ஒன்பது வயசுல இருந்து முட்டை சேர்க்கறேன் ரொவீனா. என் அலமாரியில எல்லாக் குழியும் நிறைஞ்சாச்சு. இது ஒண்ணுதான் காலி. பஞ்சு வெச்சு, பேர் எழுதி, அப்படியே வெச்சிருக்கேன். நானே கயிறு கட்டி, நானே காவல் இருந்து... தினமும் பார்க்கப் பார்க்கத் தாங்கல."

"குடுன்னு சொன்னேன்."

கொடுத்தார். மூடியைத் திருகியதும் உள்ளே கம்பளிக் காலுறை தெரிந்தது. அதற்குள் நெருக்கமாக, கறுப்புக் கிறுக்கல் போட்ட மூன்று முட்டைகள். ரொவீனா ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அதை உள்ளே வைத்து, பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு கரைமேட்டில் நடந்தாள். ஓடினால் குலுங்கும் என்று ஓடாமல், எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தாள்.

ஃபிஸ்க்கை டாட்டின் காவலில் விட்டுவிட்டு வந்த மற்றவர்கள் மரியாதையான தூரத்தில், கரைமேட்டு முனையில் நின்றுகொண்டார்கள். ரொவீனா மட்டும் இறங்கிப் போய் முட்டைகளைக் குழியில் வைத்துவிட்டு விலகி வந்து மேட்டுச் சரிவில் படுத்துக்கொண்டாள். முப்பது தொலைநோக்கிகள் ஒரே புள்ளியைப் பார்த்தன. பார்ஜெட்டர் கெட்ஜின் தோளைத் தொட்டு, தன்னுடையதை அவன் பக்கம் தள்ளினார். "பாரு. உனக்கும் பங்கு உண்டு."

முதலில் கற்கள்தான் தெரிந்தன. நெடுநேரம் கற்கள் மட்டுமே தெரிந்தன. காற்று ஊசி மாதிரி குத்தியது. வராது, அவ்வளவுதான் என்று பின்னால் யாரோ முனகினார்கள். அப்போது ஒரு கல் ஓடியது. நின்றது. மறுபடி நாலடி ஓடியது. குழிக்கு அருகில் வந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. அதன் சந்தேகம் தீரவே இல்லை. சுற்றி வந்தது, விலகிப் போனது, திரும்பி வந்தது. பிறகு வயிற்று இறகைப் பிரித்துக்கொண்டு மெல்ல அமர்ந்து, இரண்டு முறை நெளிந்து, அடங்கியது. பறவைகளைப் பற்றிக் கெட்ஜிடம் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். இப்போது இல்லை. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

பார்ஜெட்டர் மூக்கைச் சிந்திக்கொண்டு ரொவீனாவிடம் போனார். "வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு சொன்னியே. திங்கக்கிழமை ஆளனுப்பறேன்," என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அது. ரொவீனா தலையாட்டினாள்.

வாசலில் போலீஸ் கார் வந்திருந்தது. ஃபிஸ்க் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. கரைமேட்டிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"உட்கார்ந்தாளா?"

ஒருவரும் நிற்கவில்லை. கேட்ச்போல் மட்டும் தயங்கினார், பிறகு அவரும் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தார்.

கடைசியாக ரொவீனா வந்தாள். அவளுக்குப் பின்னால் ஹெஸ்டரும் கெட்ஜும். ஃபிஸ்க் கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரொவீனா. என்னை என்ன வேணா சொல்லு. அவ உட்கார்ந்தாளா, அதை மட்டும் சொல்லிடு."

ரொவீனா நின்றாள். பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னவனைக்கூட இந்தக் கூட்டம் ஆயுளுக்கும் நம்பாது. பதினொரு வருடத்தில் அவள் வாயிலிருந்து ஒரு தப்பான தகவல் வந்ததில்லை. அவள் சொன்னால் அது உண்மை என்று மற்றவர்களைவிட ஃபிஸ்க்குக்கு நன்றாகத் தெரியும்.

"இல்ல, மிஸ்டர் ஃபிஸ்க்," என்றாள் நிதானமாக. "கிட்ட வந்து பார்த்தா. முட்டை குளிர்ந்துபோயிருந்தது. கடல் பக்கம் பறந்து போயிட்டா."

ஃபிஸ்க்கின் கை கண்ணாடியிலிருந்து நழுவியது. அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். கார் கிளம்பி, வளைவில் திரும்பும்வரை அந்தக் கைகள் இறங்கவில்லை. ரொவீனா அதைக் கடைசி வரை பார்த்துவிட்டு, பறவையிடம் போகக் கரைமேட்டில் ஏறினாள்.

ஹெஸ்டர் பையிலிருந்து இன்னொரு பன்னை எடுத்தாள். "கேட்டியா கெட்ஜ், அவ என்ன சொன்னான்னு?"

கெட்ஜ் கழுத்துப்பட்டையைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

"காத்து பலமா அடிக்குது பாஸ். எனக்கு ஒண்ணும் காதுல விழல."